நார்மல்

கோத்தகிரியில் வந்து
குளிருது என்று சொன்னால்
யார் காதில் ஏறும்?
நடத்துநரே குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து
சில்லறை கேட்கும் ஊர்.

யோகராணியும் அதைத்தான் சொன்னாள்,
பதினோரு வருடமாக.
மே மாதத்திலும் குளிருது என்றதை மட்டும்
ஒருவரும் தனியாக எடுத்து வைக்கவில்லை.

அவள் துணிப்பையில் பழைய தாள்கள்:
சத்து டானிக், இரும்பு மாத்திரை,
துக்கத்துக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று
(தூக்கம்தான் அவளிடம் மிச்சமாகவே இருந்தது),
கூடவே மூன்று தைராய்டு ரிப்போர்ட்.
டி.எஸ்.எச். 2.1. 2.4. மறுபடி 2.1.
மூன்றிலும் நார்மல்.
மூன்றிலும் கீழே என் கையெழுத்து.

டாக்டர் பெள்ளிராஜ் தாள்களை மூடிவைத்தார்.
புருவத்தின் ஓரம் உதிர்ந்திருப்பதைப் பார்த்தார்.
மெழுகாய் வெளுத்த உள்ளங்கையைத் திருப்பினார்.
பிறகு கேட்டார்:
"ரெண்டாவது பிள்ளைக்குப் பால் சுரந்துச்சாம்மா?"

அவள் முதலில் கதவைப் பார்த்தாள்.
புருஷன் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சொட்டு இல்லைங்க.
லயத்திலேயே பொறந்துச்சு. ரத்தம் நிக்கல.
ஜீப்பு வர்றதுக்குள்ள பாய் நனைஞ்சு, தரை நனைஞ்சு...
அதுக்கப்புறம் தூரமும் வரல.
நல்லதாப் போச்சுன்னாங்க மாமியார்."

மறுநாள் காலை எட்டு மணி ரத்தம் வேண்டும்.
கார்டிசால் விடியலில் ஏறி அந்தியில் இறங்கும்,
உச்சியில் வைத்தே பிடிக்க வேண்டும்.
முதல் பஸ் கட்டபெட்டில் நின்றுபோக
பால் வண்டியில் தொற்றி வந்து சேர்ந்தாள்.
நரம்பு அகப்படவில்லை. இரண்டு தடவை குத்தினேன்.
ஊதா மூடிக் குழாயை ஐஸில் வைக்க வேண்டும்.
இரவெல்லாம் கரண்ட் இல்லை, ஃப்ரீசர் உருகிக் கிடந்தது.
மூச்சு புகையாகும் அந்தப் பனியில்
ஐஸ் கேட்டு மீன்கடைக்கு ஓடினேன்.
அவளுடைய ரத்தம்
மத்தி வாசனையோடு கோயம்புத்தூர் இறங்கியது.

கார்டிசால் 1.4.
ஃப்ரீ டி4, 0.3.
புரோலாக்டின் தரையில்.
டி.எஸ்.எச். மட்டும் 2.2,
ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி,
கழுத்துச் சுரப்பி சோர்ந்தால்
அதுதான் சத்தம் போட்டு எழுப்பும்,
அன்றைக்குப் போன ரத்தத்தில் அதுவே வாடிவிட்டது என்று
டாக்டர் படம் போட்டுக் காட்டினார்.
அவள் படத்தைப் பார்க்கவில்லை.
"அப்போ கங்காணியே தூங்கிட்டாரு.
சத்தம் வரலேன்னதும்
வேலை நடக்குதுன்னு எழுதிட்டீங்க."
என்னைத்தான் சொன்னாள்.

முதலில் ஹைட்ரோகார்டிசோன்.
தைராய்டு மாத்திரை அதற்குப் பிறகுதான்.
சிவப்பு மையில் இரண்டு அடிக்கோடு.
முறை மாறினால்
பிரேக் இல்லாத ஜீப்பைக்
கொண்டை ஊசி வளைவில் தள்ளிவிட்ட கதை.

அன்றிரவு ஒரு கணக்கு ஓடியது எனக்குள்.
தைராய்டு குறைவு என்று நான் அன்றைக்கே எழுதியிருந்தால்
யாராவது அந்த ஒரு மாத்திரையை மட்டும் தந்திருப்பார்கள்.
என் மூன்று நார்மல்களும்
அவளை உயிரோடு வைத்தனவோ?
இந்த ஆறுதலை எடுத்துக்கொள்ளக் கை கூசுகிறது.
இருந்தும் நடுநடுவே எடுத்துப் பார்க்கிறேன்.

ஆறு வாரம் கழித்து வந்தாள்.
கன்னத்தில் கொஞ்சம் நிறம், குரலில் நிறைய.
நன்றி என்று எதுவும் சொல்லவில்லை.

"மத்தவங்க இருவத்தஞ்சு கிலோ பறிச்சா
நான் பதினாலு.
சோம்பேறின்னு பிடிச்ச கூலி
பதினோரு வருசத்துக்கு எவ்வளவு வரும்?
கணக்குப் போடுவீங்கல்ல, போடுங்க."

ரப்பர் பட்டையைக் கட்டினேன்.
முழங்கை மடிப்பில் நரம்பு
தானாக எழுந்து நின்றது.
"எண்ணிக்கிட்டீங்களா?" என்றாள்.