ஏழரை

குழாயின் வாயில் பழைய சட்டையைச் சுற்றிக் கட்டி
ஆழமான மூலையில் கிடத்தினேன்.
நீர் பாயும் வேகத்தில் பூச்சு பறிந்துவிடும்;
நேற்றுப் பூசிய வெள்ளை,
பால்மணம் மாறாதது.

உஸெஸுக்கு வடக்கே
திராட்சைக் கொடிகள் முடிந்து கல் தொடங்குமிடத்தில்
மதாம் வாசெரின் புதுக் குளம்.
ஐம்பது கனமீற்றர்.
வெள்ளி நள்ளிரவு முதல் யாரும் குளம் நிரப்பலாகாது என்று
நகரசபைக் கதவில் தாள் ஒட்டியாயிற்று.
இன்று வியாழன்.

தொடங்கினால் நிறுத்தாதே, என்றான் பாஸ்தியான்.
நீர் எங்கே நிற்கிறதோ அங்கே கோடு விழும்.
தூரிகைக்குப் போகாது, அமிலத்துக்கும் போகாது.
சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக் குறட்டை விட்டான்.
நான் பிளாஸ்டிக் கதிரையில்
தண்ணீருக்குக் காவல்.

மூன்று மணி இருக்கும்.
வேலி விலகியது.
பக்கத்து வீட்டு முசியே பெய்ரோல்,
பைஜாமாவும் ரப்பர் சப்பாத்தும்,
கைக்கொன்றாய் இரண்டு பூவாளி.
"மாலையிலிருந்து என் குழாய் இருமுகிறது" என்றார்.
குற்றம் சாட்டவில்லை.
வெள்ளைப் பள்ளத்தை ஒருமுறை பார்த்தார்,
அவ்வளவுதான்.
"குடிக்கிற தண்ணீரா?"
"நான் மருந்து போடும் வரைக்கும்."

குழாயை இழுத்து வெளியே எடுத்தேன்.
மலைப்பாம்பின் கனம்.
இரண்டு வாளி நிறைந்தது. போனார். வந்தார்.
பிறகு சலவைத் தொட்டி, பிறகு பெரிய சூப் பானை,
பிறகு வெட்கத்தோடு ஒரு குப்பைக் கூடை, கழுவியதுதான் என்று
சத்தியம் செய்துகொண்டு.
எனக்குப் பின்னால் குளம்
மூச்சை அடக்கி அப்படியே நின்றது.
இருபது நிமிடம்.

மறுநாள் இரவு, தடைக்கு ஒரு மணி நேரம் முன்னால்
நீர் விளிம்பைத் தொட்டது.

அதன்பின் என் வேலை.
பசித்த தண்ணீர் சுவரைத் தின்னும்,
வயிறு முட்டிய தண்ணீர் சுவரிலேயே கக்கும்.
இந்த ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லைத் தின்று வளர்ந்தது;
போதாததற்குப் புதுப் பூச்சும் ஊட்டிக்கொண்டே இருக்கிறது.
சோதனைக் குப்பியில் ஐந்து சொட்டு விட்டேன்:
வெற்றிலை துப்பிய சிவப்பு.
பிஎச் எட்டுக்கும் மேலே.

வாளியில் முதலில் தண்ணீர், பிறகே அமிலம்.
மாற்றி ஊற்றியவன் முகத்தை
ஒருமுறை பார்த்திருக்கிறேன், போதும்.
பம்பு ஓட, ஓரத்தோடு நடந்து
கொஞ்சம் கொஞ்சமாய் ஊற்றினேன்.
காலையிலும் மாலையிலும் சுவரைத் தேய்த்தேன்;
மாவு எழும்பிப் புகையாய்த் திரிந்து
வடிகட்டிக்குள் போய் அடங்கியது.
குளோரின் இப்போது வேண்டாம், இன்னும் நாலு நாள்.
மதாமின் மகள் நீச்சலுடையோடு படியில் குந்தியிருந்து
"இன்றைக்கா?" என்பாள்.
"இன்றைக்கில்லை."
கால் பெருவிரலை மட்டும் நனைத்துவிட்டுப் போவாள்.

இறக்கினால் ஏறும், மறுபடி இறக்கினால் மறுபடி ஏறும்.
பிடிவாதக்காரத் தண்ணீர்.
நான் தேடுவது ஏழரை.
எங்களில் ஏழரை என்றால் சனி,
வீட்டுக்குள் அந்த எண்ணைச் சொல்லவே யோசிப்பார்கள்.
இங்கே அது வந்து உட்கார வேண்டுமென்று
முழங்கால் தேய மண்டியிட்டுக் கிடக்கிறேன்.

இருபத்தாறாம் நாள்
குப்பியில் செம்மஞ்சள் நின்றது, அசையவில்லை.

அன்றுதான் மதாம் வாசெர்
நெஞ்சளவு நீரில் நின்று கேட்டார்:
"இதென்ன, சுவரைச் சுற்றி மயிரிழைபோல?"
தெளிந்த நீர் எதையும் மறைப்பதில்லை,
அதுதான் அதில் பிழை.
"நிரப்பிய இரவு ஊரில் அழுத்தம் குறைந்துவிட்டது" என்றேன்.
பொய்யில்லை.
வேலிக்கப்பால் பூவாளிச் சத்தம் ஒரு கணம் நின்று
பிறகு தொடர்ந்தது.

சிறுமி குதித்தாள்.
கோடு நூறு துண்டாய் நெளிந்தது,
அவள் மறுகரை ஏறியதும்
பழையபடி கூடிக்கொண்டது.

அறிக்கைத் தாளில்
காரம், கடினம், குளோரின் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு,
கோட்டுக்கு இல்லை.
பிஎச் கட்டத்தில் கைமறந்து
ஏழரை என்று தமிழில் எழுதிவிட்டேன்.
அடித்துவிட்டு
எண்ணில் எழுதிக் கொடுத்தேன்.