நான்கெல்லை

டிவியில் அந்த வட்டத்தை முதலில் பார்த்தது
டீக்கடை தஸ்தகீர்.
"பாலாத்தோட நின்னுடுது பாருங்க சார்."
எல்லைக்கு அந்தப் பக்கத்து அணுகுண்டு
எதுவரை எட்டும் என்று
கோட்டு போட்ட பையன் ஒருவன் குச்சியால் காட்டினான்.
சிவப்பு விளிம்பு
தண்ணீரில்லாத ஆற்றின்மேல் படுத்திருந்தது.
காட்பாடி உள்ளே. வேலூர் வெளியே.
பாலத்தின் நடுவில் நிற்கும் டவுன் பஸ்ஸைப் பற்றி
அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம்
கணியம்பாடி போகிற வழியில் புரோக்கர் தசரதனின் ப்ளெக்ஸ்:
"மனை விற்பனைக்கு. குடிநீர் உண்டு.
வட்டத்துக்கு வெளியே."

நான் பத்திரம் எழுதுகிறவன்.
சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில்
ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மின்விசிறியில் பாதி.
அந்தப் பதினாறு நாளில்
நாற்பத்து மூன்று கிரையம் எழுதினேன்.
சந்திர சூரியர் உள்ளவரை
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது
என்று அடிக்கையில் ஒருநாள் விரல் நின்றது.
சந்திரனையோ சூரியனையோ
யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது.
புத்திர பௌத்திரர் என்கிற இடத்தில்தான்.
அப்புறம் அடித்தேன்.
எல்லோருக்கும் அதே வாசகம்தானே.

தங்கை வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில்
பூட்ஸ் கம்பெனி வேலை.
இரவு ஷிப்ட் திறந்துவிட்டார்கள்.
ஓவர்டைம் பணத்தில் பழைய பிரிட்ஜ் ஒன்று வாங்கினார்கள்.
சண்டை இன்னும் ஒரு மாதம் இழுத்தால்
வாஷிங்மெஷின், என்றாள் தங்கை.
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கிருபாவதி வந்தது பன்னிரண்டாம் நாள்.
பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா. யூனிபார்மோடு வந்திருந்தார்.
கழிஞ்சூரில் ஒன்றேகால் சென்ட், ஷீட்டு போட்ட வீடு.
மகன் பட்டாளத்தில்.
எங்கே என்று கேட்டேன்.
"பனி பெய்யிற எடம்னான் சார்.
நாலு நாளா லைன் கெடைக்கல."
பக்கத்து வீட்டில் விற்றுவிட்டார்களாம்,
எதிர்வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.
பாதி விலைக்குச் சம்மதித்திருந்தார்.

வாங்குகிறவர் தசரதனின் மச்சான்.
கையெழுத்துப் போட
தசரதன்தான் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்துக் கொடுத்தார்.
பச்சை மூடி. நுனியில் பல் பதிந்திருந்தது.
வெளியே மனை விற்ற பத்திரங்களிலும்
அந்தப் பேனாதான்.
பார்த்தேன்.
பார்த்துவிட்டு, வடக்கு: சம்பூர்ணம் வீடு,
கிழக்கு: பத்தடிப் பாதை என்று
நான்கெல்லை அடிக்கத் தொடங்கினேன்.

இதைவிடப் பெரிய மேசைகள் இருக்கும்.
நமக்குப் பெயர் தெரியாத ஊரில்
இரண்டு தேசத்துக்கும் சரக்கு விற்றவன்
ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டிருப்பான்.
அங்கேயும் ஒருவன் குனிந்து
கமா சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்திருப்பான்.
அவன் குழந்தைகளுக்கும் ஜூனில்தான் ஸ்கூல் பீஸ்.

பதினேழாம் நாள்
சமாதானமா சலிப்பா தெரியவில்லை,
டிவியில் கிரிக்கெட் வந்துவிட்டது.
வட்டம் போன இடம் தெரியவில்லை.
காட்பாடியில் விலை பழையபடி ஏறிற்று.
கிருபாவதியின் மகன் போன் செய்தானாம்,
வீட்டில் எல்லாம் சௌக்கியமா என்று.

ஆடி முடிந்து இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள்.
வாடகை ஒப்பந்தம்.
அதே வடக்கு, அதே பத்தடிப் பாதை.
சந்திர சூரியர் வரும் வரியை அழித்துவிட்டு
பதினொரு மாதம் என்று போட்டேன்.
காலி செய்யும்போது வெள்ளையடித்துத் தர வேண்டியது.
என் கூலி ஐந்நூறு.
கிருபாவதிதான் கொடுத்தார், ஐந்து நூறாக, எண்ணி.

"ஒரு சந்தேகம் சார்" என்றார்.
"நடுவுல அந்த வட்டம் மறுபடி வந்துட்டா
வாடகையக் கொறைப்பாரா?"

தசரதன் சிரித்தார்.
பிரிண்டர் இரண்டாம் பக்கத்தைத் தள்ளியது.
வாசகமெல்லாம் முதல் பக்கத்திலேயே முடிந்திருந்தது.
இதில்
எழுதியவர் என்ற இடத்தில்
என் பெயர் மட்டும்.