இருப்பு பதினான்கு

ரிப்பன் வெட்டிவிட்டுக் கம்பெனிக்காரர்கள் போன மறுநாள்
சாவி என் கைக்கு வந்தது.
தாராவி, நகராட்சித் தமிழ்ப் பள்ளி, மூன்றாம் மாடி.
கதவில் 'புதுமைக் கூடம்' என்றிருந்தது.
கீழே, 'அனுமதியின்றி உள்ளே வராதீர்'.
இரண்டாவது வரி என் கையெழுத்து.

சின்ன மோட்டார் பதினான்கு.
சாலிடரிங் இரும்பு ஆறு.
உறை பிரிக்காத பிரிண்டர் ஒன்று.
மாதக் கடைசியில் எண்ணுவேன்.
பதினான்கு. மறுமாதமும் பதினான்கு.
ஒன்று குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று
யாரும் சொல்லவில்லை,
நானாகத்தான் பயந்துகொண்டேன்.

ஜெனிட்டாவின் வீடு அடுத்த சந்தில்.
கீழே பட்டறை, ஏணி ஏறினால் படுக்கை.
செத்துப்போன மிக்ஸிகள் கோணியில் வந்திறங்கும்,
செம்பு தனி, இரும்பு தனி.
பிளாஸ்டிக்கை நகத்தால் சுண்டி
சத்தத்திலேயே ரகம் சொல்லுவாள், எட்டாம் வகுப்பு.
நான் போர்டில் வரைந்த மோட்டார் சுருளைப் பார்த்து
"இப்படிச் சுத்துனா ஓடாது டீச்சர்" என்றாள்.
உட்கார், என்றேன்.
இரவு புத்தகத்தைப் புரட்டினேன்.
ஓடாதுதான்.

ஜூலையில் ஒன்பது நாள் விடாத மழை.
சுவர் வழியே அலமாரிக்குள் தண்ணீர்.
திறந்தால் பதினான்கும் இருந்தன,
துருவேறி, ஒன்றுகூடச் சுழலாமல்.
பதிவேட்டில் எழுதினேன்: இருப்பு 14.
தணிக்கைக்கு வந்தவர் டிக் போட்டார்.

அன்று சாயங்காலம்தான் அவளைக் கூப்பிட்டேன்.
மூன்று பேரோடு வந்து சாக்கு விரித்தாள்.
மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், யாருடையதோ ஹேர்பின்.
இருட்டுவதற்குள் ஒன்பது சுழன்றன.
மீதி ஐந்தைப் பிரித்துப் போட்டு
எதையோ செய்துகொண்டிருந்தார்கள்,
எந்தப் பாடத்திலும் இல்லாததை.
ஒழுகும் இடத்தில் வைத்த வாளி
நிரம்பினால் கத்துமாம்.

வியாழக்கிழமை சுடலைமணி
ஒரு மோட்டாரை நேராகப் பிளக்கில் செருகினான்.
மாடி முழுக்க இருட்டு,
அவன் விரல் நுனியில் கறுப்பு.
விளக்கக் கடிதம் கேட்டார்கள்.
'திறந்து வைத்தது நான்' என்று எழுதிக் கொடுத்தேன்,
அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிளக் பாயிண்டுக்கு மட்டும் பெட்டி அடித்துப் பூட்டினேன்.
ஜெனிட்டா கோபிப்பாள் என்று நினைத்திருந்தேன்.
"எங்கப்பாவும் அத மட்டுந்தான் பூட்டுவாரு" என்றாள்,
ஸ்குரூடிரைவரிலிருந்து கண்ணெடுக்காமல்.

மாதக் கடைசி. எண்ண உட்கார்ந்தேன்.
ஒன்று வாளியில் கத்திக்கொண்டிருக்கிறது.
இரண்டை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.
புதிதாக ஒன்று, மிக்ஸியிலிருந்து வந்தது,
எங்கள் கணக்கிலேயே இல்லை.
பேனாவை மூடி வைத்துவிட்டு
இந்தத் தடவை
பென்சிலால் எழுதினேன்.