கோட்டுக்கு வெளியே

கட்டைப் பிரித்த காலையில்
முதலில் தெரிந்தது நர்ஸம்மாவின் மூக்குத்தி.
அடுத்தது, தரையில் கிடந்த என் செருப்பு
இவ்வளவு அழுக்கு என்பது.
எடுக்கக் குனிந்தேன்.
"மாதையன்!" என்று அதட்டினார் டாக்டர் ஹேமாவதி,
கரண்ட் ஓடும் கம்பியில் கை வைக்கப் போனவனை
ஃபோர்மேன் அதட்டுவதுபோல.

முப்பத்தோரு வருஷம் கம்பம் ஏறினவன் நான்,
பென்னாகரம் ரோடு முழுக்க.
விதிகள் எனக்குப் புதிதில்லை.
ஃபியூஸைப் பிடுங்காமல் தொடாதே,
எர்த் போடாமல் ஏறாதே.
இப்போது வேறு பட்டியல்:
தலை குனியாதே. தண்ணீர்க் குடம் தூக்காதே.
சோப்புத் தண்ணீர் படக்கூடாது.
தூங்கும்போது பிளாஸ்டிக் மூடி.
பூப்பந்தா? ஆறு வாரம் அந்தப் பேச்சே வேண்டாம்,
அதற்குப் பிறகும் நான் பார்த்துச் சொன்னால்தான்.

வாசல் வரை வந்து இன்னொன்று சொன்னார்:
கண்ணுக்குள் மின்னல் மாதிரி வெட்டினால்,
கரும்புள்ளிகள் பறந்தால், வலித்தால், சிவந்தால்
ராத்திரியானாலும் வந்துவிடுங்கள்.
மின்னலை எனக்குச் சொல்லித் தருகிறார்.

மறுநாளிலிருந்து நடை.
குவார்ட்டர்ஸ் கேட்டிலிருந்து தண்ணீர் டேங்க் வரை
கறுப்புக் கண்ணாடியோடு,
லாரிப் புழுதிக்கு முதுகைக் காட்டி.
மங்கம்மா கூடவே வந்தாள்.
எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம்
"சினிமால சேர்ந்துட்டாரு" என்றாள்.
சாவி விழுந்தபோது அவள் குனிந்தாள்,
நான் கம்பம்போல் நின்றேன்.

சாயங்காலம் கோர்ட்டோரம் பெஞ்சு.
ஐந்துக்கு ஐந்து ஆட வேண்டியவர்கள்
ஐந்துக்கு நாலாக ஆடினார்கள்.
என் வலப்பக்கப் பின்மூலைக்கு
யாரையும் போடவில்லை,
அல்லது யாரும் கிடைக்கவில்லை.
பாயிண்ட் எழுதும் வேலை எனக்கு.
அப்போதுதான் அந்த மஞ்சளைப் பார்த்தேன்.
இரண்டு வருஷமாகத் திம்மராயன்
பழைய பந்தையே வாங்கி ஏமாற்றுகிறான் என்று
கணக்குகூடக் கேட்டிருக்கிறேன்.
வலது கண்ணில் அந்தக் கம்பளி உருண்டை சாமந்தி.
வலதை மூடி இடதால் பார்த்தால்
ஆறிப்போன டீ.
அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.
அடுத்த மாதச் சந்தாவை
அவன் கேட்குமுன் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் வேகமாக நடக்க அனுமதி.
டேங்கைத் தாண்டி அன்னசாகரம் பக்கம்,
இருட்டத் தொடங்கியிருந்தது.

வெட்டியது.

நீலமும் வெள்ளையுமாக, வலது ஓரத்தில்,
ஒரே ஒரு முறை.
நின்ற இடத்திலேயே நின்றேன்.
கண்ணை மூடவும் பயம், திறக்கவும் பயம்.
பதினோராயிரம் வோல்ட்டில் பொறி பறந்தபோது
நடுங்காத தொடை நடுங்கியது.
பிறகு தெருவிளக்கு அத்தனையும் போயிற்று.
வீடுகளிலிருந்து "ஏய்ய்" என்று ஒரே குரல்,
பாதியில் நின்ற டிவிச் சண்டை.
டிரான்ஸ்ஃபார்மரில் ஜம்பர் எரிந்திருக்கிறது.
தெருவே இருண்டு கிடக்க
நடுவில் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்ததை
யாரும் பார்த்திருக்க முடியாது.

மங்கம்மா விடவில்லை.
மறுநாள் டாக்டரிடம் காட்டிய பிறகுதான் சோறு.
"விழித்திரை நன்றாக இருக்கிறது.
சந்தேகப்பட்டு வந்ததுதான் சரி" என்றவர்
வெளியே அனுப்பும்போது கேட்டார்:
"எங்க தெருவிலும் அடிக்கடி போகுது,
யாரைப் பார்க்கணும்?"

ஏழாவது வாரம்.
ரப்பர் பட்டை வைத்த, உடையாத கண்ணாடி.
ஸ்டூல்மேல் கால் வைத்து லேஸ் கட்டினேன்,
இப்போது அதுவே பழகிவிட்டது.
திம்மராயன் அடித்த முதல் பந்து
என் மூலைக்குச் சுழன்று வந்தது.
முன்பெல்லாம் கோடு தெரியாது,
அதனால் எதையும் விடாமல் அடித்தேன்.
நல்ல ஆட்டக்காரன் என்றார்கள்.
இன்று சுண்ணாம்பு அவ்வளவு வெள்ளை.
இரண்டு விரல் தள்ளிப் பந்து விழுவதை
மட்டையைத் தாழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"அவுட்."
"கோட்டுமேலதான் மாதையா!"
கத்திக்கொண்டே வலை வரை வந்துவிட்டான்.

நானும் போனேன்.
அவன் கருவிழிக்கு நடுவே
லேசாக, அடுப்புச் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு.

பாயிண்ட்டை அவனுக்கே எழுதச் சொன்னேன்.