நாற்பத்து மூன்று ஹெர்ட்ஸ்

பன்னிரண்டு அங்குலப் பெட்டியைப் பூட்டில் இறக்கி
முதல் அடி விழுந்ததுமே
என் பழைய சாகா
தகர உண்டியல் மாதிரி பேசத் தொடங்கிவிட்டது.
மாட்டிக்கொடுத்த ஜெலுத்தோங் கடை ஆ சுவான்
"பழைய காடி, பேசத்தான் செய்யும்லா" என்று கைகழுவினான்.
"காசு கொடுத்து வாங்கினது பாட்டையா, ஆட்டத்தையா?"
இது தவமலர்.

முதலில் நம்பர் பிளேட்.
அதன் முதுகில் நாலு துண்டு ஸ்பாஞ்ச் டேப்.
பிறகு பூட் மூடி:
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து
கறுப்புப் பிசின் தாளை ஒட்டி
கொப்புளம் ஒன்றில்லாமல் உருளையால் தேய்த்ததில்
கட்டைவிரல் இரண்டு நாள் மரத்துக் கிடந்தது.
தட்டினால் டங் என்ற தகரம்
இப்போது டப் என்றது.
அந்த ஓரெழுத்துக்கு நூற்றெண்பது வெள்ளி.

உதிரி டயர்க் குழியில் உருண்ட ஜாக்கிக்குப்
பழைய துண்டைச் சுற்றினேன்.
பின்சீட் பெல்ட்டின் கொக்கி.
டேஷ்போர்டுக்குள் எப்போதோ விழுந்த இருபது காசு,
அதை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இன்னும் ஒன்று பாக்கி.
வெறும் ஓசையை முப்பதிலிருந்து மெல்ல ஏற்றினேன்.
தோசைக்கல்லின் சூடு பார்க்கிற கையை
கதவில் வைத்துக் கண்மூடியிருந்தாள் அவள்.
முப்பத்தெட்டு, சும்மா இருந்தது.
நாற்பது, ம்ஹும்.
நாற்பத்து மூன்றில்
கிர்ர்ர்.
"இங்க இல்ல" என்றாள்.

கூரையில் காது வைத்தேன்.
குனிந்து புகைக்குழாயில் வைத்தேன்.
பிறகுதான் இருவரும் நிமிர்ந்தோம்:
ஃபார்லிம் பிளாட், இரண்டாம் மாடி,
மேடம் கூ வீட்டு நாக்கோ சன்னல்.

மிஞ்சிய டேப்போடு படியேறினோம்.
கதவைத் திறந்தவர் ஒன்றும் கேட்கவில்லை,
என் கையிலிருந்ததைப் பார்த்தார்,
செருப்பைக் கழற்றச் சொன்னார்.

ஒன்பது கண்ணாடிப் பட்டையில்
எட்டின் இடுக்கிலும்
நாலு நம்பர் சீட்டுகள், எட்டாய் மடித்து.
விழாத எண்கள்.
ஒன்றைப் பிரித்துத் தேதி பார்த்தேன்.
நான் பெட்டி மாட்டிய வாரத்துப் புதன்கிழமை.
அடுத்தது சனி. அடுத்தது ஞாயிறு.
மேலே பார்க்கவில்லை.

ஒன்பதாவது மட்டும் காலி.
"அதுக்கு ஏன் வைக்கல?"
தவமலர் மலாயில் கேட்டாள்.
"அது அடிச்சிருச்சு," என்றார் மேடம் கூ.
"ஆறுதல் பரிசு. சீட்டைக் கடையில் கொடுக்க வேண்டியதாப் போச்சு."

டேப்பை விரற்கடை அளவு வெட்டி அழுத்தினேன்.
கீழே வந்து
நாற்பத்து மூன்றை மறுபடி போட்டேன்.
மேலே அவர்
கண்ணாடியில் உள்ளங்கை வைத்து நின்றார்.
தலையை இடவலமாய் ஆட்டினார்.

சத்தம் இல்லை என்றா
இது வேண்டாம் என்றா
அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

ஆம்பின் குமிழை
ஒரு கோடு இறக்கி வைத்தேன்.