நிறுவை மேடை, இரவு முறை

ஏறுகிற எல்லா லொறிக்கும் முதல் சொல்
"எஞ்சினை நிற்பாட்டுங்க."
அதன் பிறகுதான் இலக்கங்கள் நடுங்குவதை விடும்.
விடும்வரை நான் வாய் திறப்பதில்லை.
நஸ்லியாட தராசு என்கிறார்கள் சம்மாந்துறை மில்காரர்.
தராசு சபையுடையது.
என்னிடம் இருப்பது ஒரு கதிரை, ஒரு விசிறி,
துண்டு அடிக்கும் பெட்டி,
சேறு வழிக்க ஒரு மண்வெட்டி.

பெரும்போக வெட்டு நேரம்.
வெறும் வண்டியை நிறுக்க வருகையில்
முன் சீட்டில் மூன்று பேர் நெருக்கியிருப்பார்கள்.
நெல்லோடு வருகையில் சாரதி மட்டும்.
மற்ற இருவரும் தேத்தண்ணிக் கடையில்.
வளத்தாப்பிட்டியிலிருந்து
தன் மூடைகளுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த
வெள்ளாமைக்காரன்,
இரண்டு ஆளின் எடை நெல்லாகப் போனது தெரியாமல்
துண்டை மடித்துப் பையில் வைப்பான்.
இப்போது எட்டிப் பார்க்கிறேன்.
"கிளீனர் எங்க? போகக்குள்ள இருந்த ஆள்
வரக்குள்ளயும் இருக்கணும்."
முறைக்கிறார்கள்.
முறைப்பு தராசில் விழாது.

பதினொன்றரைக்கு வந்தது அந்த லொறி.
பின்பக்கம் அமுங்கி,
முன்விளக்கு இரண்டும்
சபைத் தென்னையின் ஓலைகளைத் துழாவின.
எனக்கு அதுவே பாதிக் கணக்கு.
சாரதி மண்டூர் ஆள், கோணலிங்கம்.
"துண்டு வேணாம் தங்கச்சி, சும்மா பாத்துச் சொல்லுங்க."
சும்மா பார்க்க முந்நூறு ரூபாய் என்றேன்.
வைத்தார்.

பத்தொன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது.
வண்டிப் புத்தகத்தில் பதினாறாயிரம்.

"அதுல நான் எவ்வளவு?"
விளங்கவில்லை எனக்கு.
இறங்கி, மேடைக்கு வெளியே போய் நின்றார்.
அறுபது குறைந்தது.
"மேல பொடியன் ஒண்டு படுத்திருக்கான்."
தறப்பாளுக்குள்ளிருந்து ஒரு தலை.
அவனும் இறங்கினான். நாற்பது.
பதினெட்டு வயது என்றான்.
நான் கேட்கவில்லை.

எழுபது கிலோ மூடை என்றால் ஐம்பத்திரண்டு கூட, என்றேன்.
"அப்ப கடைசி ரெண்டு வரிசையும்தான்.
வேணாம் எண்டுதான் சொன்னன்."
தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"பிறேக் பிடிச்சா வண்டிக்குக் கேக்குது.
ஆனா யோசிச்சிட்டுத்தான் நிக்குது."

எங்கள் ஒழுங்கைக்குத் தார் போட்டு ஒரு வருசம் ஆகவில்லை.
மணல் டிப்பர் ஓடி ஓடி
இரண்டு வாய்க்கால் விழுந்துவிட்டது.
ராத்தாவின் ஆட்டோ ஒரு சில்லை உள்ளே வைத்தால்
மறுகா சந்தி வரைக்கும் அதன் வழியேதான் போகவேண்டும்.
இங்கே ஏறாமல் போன நிறையெல்லாம்
அங்கே எழுதிக் கிடக்கிறது.

முதலாளிக்கு எடுத்தார்.
குரல் என் யன்னல் வரை வந்தது:
"ஏத்துகூலி குடுத்தாச்சு. இறக்குகூலி ஆர் குடுக்கிற?
பொலநறுவையில ஆறு மணிக்கு மில் திறக்கும்."
கோணலிங்கம் ஒன்றும் சொல்லவில்லை.
போனைச் சட்டைப் பையில் போட்டார், அணைக்காமலே.
அது கொஞ்ச நேரம் நெஞ்சுக்குள்ளிருந்து ஏசியது.

"துண்டும் அடிங்க" என்றார்.
"மூடை அடுக்க இடம் கிடக்கா?"
வளவுக்குள் பொருள் வைக்கக் கூடாது, பலகையில் எழுதியிருக்கிறது.
மதில் ஓரத்தைக் காட்டினேன்.
களவு போனால் எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

முப்பத்தொன்று இறக்கினார்கள், அவரும் பொடியனும்.
அதோடு இடுப்பு விட்டுப்போனது.
மறுபடி ஏற்றி நிறுத்தேன், காசு வாங்கவில்லை.
பதினேழாயிரத்து நானூற்று எண்பது.
"இன்னும் இருபத்தொண்டு" என்றார் என்னை முந்தி.
விளக்கு ஓலையை விட்டு
மரத்தின் நடுவுக்கு வந்திருந்தது.

விடிய நாட்டாமைமார் வரட்டும் என்று
வண்டியை மதிலோடு விட்டார்.
பொடியன் இறக்கிய மூடைகளின் மேலேயே தூங்கிவிட்டான்.

மேடையில் ஒன்றும் இல்லை.
பெட்டி இருபது காட்டியது.
அடித்துப் பார்த்தேன், அணைத்துப் போட்டேன், இருபதுதான்.
பிறகு டோர்ச் பிடித்துப் பார்த்தால்
சில்லு நின்ற இடங்களில் வயல் சேறு,
அதில் ஒட்டிய வைக்கோல்.

மண்வெட்டியை எடுத்தேன்.
சந்தியில் அடுத்த வண்டி ஹோர்ன் அடித்தது.
பொறுங்க, என்று கத்தினேன்,
பூச்சியம் வரட்டும்.