மற்றவை எனில் குறிப்பிடுக

கடந்த ஏழு நாளில்
ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தீர்களா?
என்றுதான் தொடங்க வேண்டும்.
வெயிலைப் பற்றியோ கிணற்று உப்பைப் பற்றியோ
முதலில் கதைக்கக் கூடாதென்று
பயிற்சியில் சொன்னார்கள்.
நான் கதைத்தேன்.

சாம்பல்தீவில் இருபத்துமூன்றாவது வீடு.
கேதாரிணி, வயது இருபத்தாறு.
குசினி மேசையில் மடிக்கணினி,
பக்கத்தில் பாதி உரித்த வெங்காயம்.
எங்கோ ஒரு நாட்டில்
சாரதி இல்லாமல் ஓடப்போகிற காருக்கு
இது மரம், இது நாய், இது வீதி கடக்கிற மனுசி என்று
படத்துக்குப் படம் பெட்டி கீறிக் கொடுக்கிறாள்.
ஆயிரம் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி.
அவளுடைய ஒழுங்கைக்குள் ஓட்டோ வராது.
மாரியில் முழங்காலளவு சேறு.
முதலாளி யார் என்று கேட்டேன்.
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
ஒரு நீல வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

சீனக்குடாப் பக்கம் ஒரு கிட்டங்கி.
மூட்டைக்கு வாய் தைத்த தவநேசனை இப்போது
தைக்கிற இயந்திரத்தின் முன்
கதிரை போட்டு இருத்தியிருக்கிறார்கள்.
"சிவப்பு லைட் பத்தினாத்தான் எனக்கு வேலை."
கடந்த ஏழு நாளில் எத்தனை தரம் பத்தியது?
"ரெண்டு. அதில ஒண்டு பல்லி."
சம்பளம் கூடியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.
தோள் வலி போய்விட்டது,
நித்திரைதான் வருகுதில்லையாம்.
கூடத் தைத்த ஒன்பது பேர் எங்கே என்றதற்கு
பட்டியலில் இடமில்லை.

கிண்ணியாவில் ரிஸ்மியா
"வேலையா? சும்மாதான் இரிக்கன், அப்படியே எழுதுங்க" என்றாள்.
எழுதி முடிக்குமுன் போன் ஐந்து தரம் அடித்தது.
எருமைத் தயிர். சட்டி மூடியில்
காசு கட்டுகிற கட்டம் கட்டமான ஸ்டிக்கர்.
நாளைக்கு நாற்பது சட்டி, ரெண்டு பெடியன்கள் கூலிக்கு,
மூதூர் வரை ஒரு மோட்டார் சைக்கிள்.
சும்மா இருப்பதற்கு
எந்த எண் போடுவது?

மூவருக்கும் ஒரே எண் போட்டேன்.
பஸ் நிலையத்தில் ஒரு மான் வந்து
என் பையை மோந்துவிட்டு
சோற்றுத் தாளிடம் போனது.

உப்புவெளியில், குளிரூட்டிய மண்டபத்தில்
புத்தாக்கக் கொள்கை வரைவு.
ஏறுமுகமாய் ஒரு அம்புக்குறி,
அதன் கீழே "எதிர்காலத் தொழிற்படை".
படை என்ற சொல்லில் இந்த ஊர்ச் செவிகள்
ஒருகணம் நிமிர்ந்து பிறகு சாய்ந்தன.
கொழும்பிலிருந்து வந்த அதிகாரி கேட்டார்:
மற்றவை மட்டும் முப்பத்தொரு வீதமா?
யாரோ சோம்பலில் நிரப்பியிருக்கிறார்கள்.
நிரப்பியவள் நான் என்றேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
மூன்று மொழியிலும் ஒரே அம்பை
ஏற்றிக் காட்ட வேண்டிய மனுசன்.
தேநீர் ஆறும்வரை பல்லிக் கதையைக் கேட்டார்,
சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை,
கைதுடைக்கிற கடதாசியில் எதையோ எழுதி
பொக்கற்றில் வைத்தார்.
அது சலவைக்குப் போனதோ, வரைவுக்குப் போனதோ.

போகும்போது சொன்னார்:
அடுத்த சுற்றிலிருந்து ஆட்கள் போக மாட்டார்கள்.
போனில் இயந்திரமே கேட்கும்.
உங்கள் தமிழ் தெளிவு,
குரலை மட்டும் பதிந்து தாருங்கள்,
ஒருநாள் கொடுப்பனவு உண்டு.

போனேன்.
கதவில்கூடப் பஞ்சு ஒட்டிய அறை.
என் மூச்சு எனக்கே கேட்டது.
கடந்த ஏழு நாளில் ஒரு மணித்தியாலமாவது...
நாற்பத்தொரு கேள்வியும் பிசகாமல் வாசித்தேன்.
வாசித்து முடித்த கையோடு,
அதே குரலில், அதே நிதானத்தில்,
"உங்கட கிணறு இப்பவும் உப்பா?"

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பெடியனுக்குத்
தமிழ் தெரியாது.
தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
இதுவும் உள்ளதா என்று சைகையில் கேட்டான்.

உள்ளது என்றேன்.